நாளுக்கு நான்கு நிமிடம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஷெஃபீல்டில் பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் சுருங்குகிறது. வாரத்துக்கு அரை மணி, மாதத்துக்கு இரண்டு மணி. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணியை இந்த ஊர் மூன்று வாரத்துக்குச் சற்று மேற்பட்ட நாட்களில் இழந்துவிடுகிறது. ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேல் மறைகிற சூரியன் டிசம்பர் நடுவில் மாலை நான்கு அடிப்பதற்குள் போய்விடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல்தான் திரும்ப வரும்.

ஊரிலிருந்து இங்கே வேலைக்குக் கிளம்புகிறவர்களை எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். பெட்டியில் பாதி கம்பளியாக இருக்கும். குளிருக்கு உடுத்திக்கொள்ளலாம், வீட்டைச் சூடாக்கிக்கொள்ளலாம். வெளிச்சம் போவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில். அங்கே ஜன்னல் கிடையாது. நவம்பரில் இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி, இருட்டில் திரும்பி, சனிக்கிழமை வந்தால்தான் வானத்தை நிதானமாகப் பார்க்க முடியும். இதற்குப் பெட்டியில் எடுத்துவரக்கூடிய பொருள் எதுவுமில்லை. பழக்கங்கள்தான் உண்டு. அந்தப் பழக்கங்களை இந்த நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கோடையில் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் இங்கே குடியிருக்கிறோம் என்ற உணர்வு எனக்கு இலையுதிர்காலத்தில்தான் வந்தது.

ஷெஃபீல்ட் தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் புழங்குகிற நம் வீடுகளுக்கெல்லாம் இந்த ஊரோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. துருப்பிடிக்காத எஃகை 1913-ல் ஹாரி பிரியர்லி உருவாக்கியது இங்கேதான். டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவெலின் என்று ஐந்து ஆறுகள். அவற்றுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகத் தெருக்கள். நகர எல்லைக்குட்பட்ட நிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. நாங்கள் வாடகைக்கு இருப்பது மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் ஒன்று. தெற்குப் பார்த்த சரிவு. வீடு தேடிய நாட்களில் அதன் அருமை எனக்குத் தெரியாது. எதிர்ச்சரிவில் வடக்குப் பார்த்த வீடுகளின் பின்கட்டுக்கு நவம்பருக்குப் பிறகு வெயில் எட்டுவதே இல்லை. எங்களுக்கோ, சூரியன் தாழத் தாழ, வெளிச்சம் கூடத்தைத் தாண்டிச் சமையலறைச் சுவர்வரை வருகிறது. கோடையில் இவ்வளவு உள்ளே வராது. குளிர்காலத்தில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஒரு முழம்தான் நிற்கிறது.

காலம் மாறுகிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அம்மாளின் துணிக்கொடி. எண்பது வயதை ஒட்டியவர், தனியாக இருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இன்னும் நா எழுவதில்லை. அவர் என்னை ‘லவ்’ என்று அழைப்பார். இந்த ஊரில் பஸ் டிரைவர், காய்கறிக் கடைக்காரர், நர்ஸ் எல்லோரும் முகம் தெரியாதவர்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆகஸ்டில் காலை ஏழு மணிக்கே கொடியில் துணி ஏறிவிடும். செப்டம்பர் நடுவில் ஒன்பது மணி ஆகும். பிறகு ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “இனிமே வெளியில காயாது, லவ். புல்லுல ஈரம் மத்தியானம் வரைக்கும் நிக்குது பாரு” என்றார். அன்றோடு அவர் கொடியைச் சுற்றி உள்ளே எடுத்துவைத்துவிட்டார். நானும் அப்படியே செய்தேன்.

ஹீட்டிங்கை எப்போது போடுவது என்பது அதற்கு அடுத்த பேச்சு. ஆபீசில், பள்ளி வாசலில், பஸ் நிறுத்தத்தில், எங்கும் அக்டோபர் முதல் வாரத்தில் இதைத்தான் கேட்பார்கள்: “போட்டாச்சா?” அக்டோபர் முடியும்வரை தாக்குப்பிடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. முடியாமல் தாக்குப்பிடிக்கிறவர்களும் உண்டு. எரிவாயு, மின்சார விலையின் உச்சவரம்பை ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது. சரியாகக் குளிர் தொடங்கும் அக்டோபர் 1 அந்த நாட்களில் ஒன்று. முதியவர்களுக்கு 1997 முதல் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை கொடுத்து வந்தார்கள். 2024-ல் அதை மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, 2025-ல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு உட்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். நடுவில் போன அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்கெரிந்தது. மற்ற அறைகளின் ரேடியேட்டர்களை அடைத்துவிட்டு, அந்த அறையிலேயே அவர் தூங்கி, சாப்பிட்டு, டிவி பார்த்தார். இவ்வளவு வசதியான நாட்டில் ஒரு வயதான பெண் அப்படி இருக்க நேர்ந்ததை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் தெருவில் லைம் மரங்கள் இருக்கின்றன. எலுமிச்சைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, இதய வடிவ இலை கொண்ட உயர்ந்த மரங்கள் இவை. அவற்றின் மஞ்சள்தான் முதலில் வரும். மரத்துக்கு இது கணக்குப் பார்க்கும் காலம். பகல் குறைவதை இலை உணர்கிறது. குளிர் அதைத் துரிதப்படுத்துகிறது. பச்சையத்தை மரம் உடைத்து, இலையிலிருக்கும் நைட்ரஜன் முதலான சத்தைக் கிளைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் கோடை முழுக்க அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. அதைச் சில மரங்கள் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கின்றன. பிறகு காம்பின் அடியில் ஒரு தடுப்படுக்கு வளர்ந்து, காற்று வந்தால் இலை கழன்றுகொள்கிறது. தெருவிளக்கை ஒட்டிய கிளையில் மட்டும் இலைகள் மற்றவற்றைவிடச் சில நாள் அதிகம் தங்குவதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். விளக்கொளியைப் பகல் என்று நம்பிவிடுகிறது அந்தக் கிளை.

இந்தத் தெருமரங்களுக்காக ஷெஃபீல்டில் ஒரு பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. இங்கே குடியேறுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ல் நகரசபை ஒரு தனியார் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்குச் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டது. நகரின் சுமார் 36,000 தெருமரங்களில் 17,500-ஐ வெட்டிவிட்டு வேறு கன்று வைப்பது என்று அதில் இருந்தது. வேர் நடைபாதையைத் தூக்குகிறது, ஓரக்கல்லை நகர்த்துகிறது என்பதுபோன்ற காரணங்களுக்காக நல்ல மரங்கள் விழத் தொடங்கின. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் டாக்டர்களும் இல்லத்தரசிகளும் மரத்தடியில் போய் நின்றார்கள். 2016 நவம்பர் 17 அன்று விடிவதற்கு முன்பே, ரஸ்ட்லிங்ஸ் சாலையில் வண்டிகளை நகர்த்தச் சொல்லிப் போலீஸ் கதவுகளைத் தட்டியது. இருட்டிலேயே எட்டு மரங்களை அறுத்தார்கள். தடுத்தவர்கள் கைதானார்கள், அதில் இருவர் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள். அந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது.

2018-ல் வெட்டுவது நிறுத்தப்படுவதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. ஐ.நா.வின் மனிதாபிமான உதவிப் பணிகளுக்குத் தலைமை வகித்திருந்த மார்க் லோகாக் விசாரித்து 2023-ல் அறிக்கை கொடுத்தார். நகரசபை மக்களையும் நீதிமன்றத்தையும் தவறான தகவலால் திசைதிருப்பியது என்று அதில் பதிவாகியிருக்கிறது. நகரசபை மன்னிப்புக் கேட்டது.

தப்பிய மரங்களில் ஒன்றைப் பார்க்க நாங்கள் ஒரு சனிக்கிழமை நடந்தே போனோம். செல்சி சாலையில் நிற்கும் எல்ம் மரம் அது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எல்ம் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் 1960-களின் இறுதியிலிருந்து பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றுவிட்டது. இது எப்படியோ பிழைத்து நிற்கிறது. எல்ம் இலையை மட்டுமே தின்று வளரும் ஒரு சிறிய பட்டாம்பூச்சி இதன் உச்சியில் குடியிருக்கிறது. இறக்கையின் அடிப்புறத்தில் வெள்ளைக் கோட்டால் ‘டபிள்யூ’ எழுதியதுபோல் இருக்கும். இதையும் வெட்டத்தான் இருந்தார்கள், மக்கள் விடவில்லை. அக்டோபரில் பட்டாம்பூச்சி இருக்காது. அது இட்ட முட்டைகள் மட்டும் மேலே எங்கோ கிளைகளில் ஒட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கடக்கும். என் மகள் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

பள்ளிக்குழந்தைகளுக்கு இந்தக் காலத்தின் அடையாளம் கான்கர். குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் விதை. முள்தோலை உடைத்தால் பாலிஷ் போட்ட தேக்குமரத்தின் நிறத்தில் உருண்டையாக வெளியே வரும். நூலில் கோத்து ஒருவர் காயை இன்னொருவர் அடித்து உடைக்கிற விளையாட்டு. மகளின் கோட்டுப் பையைக் காலி செய்யாமல் வாஷிங் மெஷினில் போடவே முடியாது. இந்த மரங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஒரு சிறு அந்துப்பூச்சி 2002-ல் லண்டனின் விம்பிள்டன் பக்கம் முதன்முதலில் தென்பட்டது. அதிலிருந்து ஆகஸ்டிலேயே இலைகள் பழுப்பாகிவிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டுக் காலம் சீக்கிரமே மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

பள்ளியில் அறுவடை விழாவும் நடந்தது. இன்று சர்ச்சுகளிலும் பள்ளிகளிலும் காணும் வடிவத்தில் அதை 1843-ல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ கிராமத்தில் ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர் என்ற பாதிரியார் தொடங்கிவைத்தார். பிள்ளைகள் கொண்டுவரும் டின் உணவுகளும் பாஸ்தாவும் அப்படியே உணவு வங்கிக்குப் போகின்றன. நாங்கள் கொண்டைக்கடலை டின்களும் ஒரு பை அரிசியும் கொடுத்தோம்.

வேலிகளில் பிளாக்பெரி பழுப்பதும் இதே காலம். ரயில்பாதையோரம், ஆற்றங்கரை, கைவிட்ட பட்டறைகளின் பின்புறம், எங்கும் முட்புதராக மண்டிக் கிடக்கும். யாருடையதோ என்று நான் தயங்கியபோது ஆஸ்பத்திரியில் உடன் வேலை செய்பவர் சட்டத்தையே சொன்னார். தானாக விளைந்த செடியின் பழம், பூ, இலை, காளானை விற்பதற்கல்லாமல் பறித்தால் அது திருட்டாகாது என்று 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம் யாருடையதானாலும் வழிப்போக்கனுக்கு ஒரு கைப்பிடிப் பழம் உண்டு என்பதைப் பாராளுமன்றம் மறக்காமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாள். அன்றைக்குப் பிறகு சாத்தான் பழத்தின்மேல் துப்பிவிடுவான், பறிக்காதே என்பார்கள். அக்டோபர் ஈரத்தில் பழம் பூஞ்சை பிடித்து இளகிவிடுவது உண்மைதான்.

ஆப்பிள் இன்னும் சுவாரசியம். தோட்டத்து மரத்திலிருந்து விழுந்ததைத் தின்று தீர்க்க முடியாதவர்கள் பெட்டியில் போட்டு வாசலில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது பிராம்லி. சமைப்பதற்கென்றே உள்ள ரகம், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். இங்கிருந்து தென்கிழக்கே, நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி விதை போட்டு முளைத்த ஒற்றை மரத்திலிருந்து வந்த ரகம் இது. நாட்டு மாங்காய்க்கு இங்கே இதைவிட நல்ல மாற்று கிடையாது. தோலோடு துருவி, நல்லெண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் போட்டுக் கிளறினால் மாங்காய்த் தொக்கைவிடப் பாதி நேரத்தில் எண்ணெய் பிரிந்து வந்துவிடுகிறது. பிராம்லி சூடு கண்டதும் குழைந்துவிடும் என்பதால் துருவலைச் சற்றுப் பெரிதாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பாட்டில் சட்னி வந்தது: அதே ஆப்பிள், வினிகர், பழுப்புச் சர்க்கரை, வெங்காயம், உலர் திராட்சை. “கிறிஸ்மஸ் வரைக்கும் தொறக்காதே, லவ். ஊறணும்” என்று கண்டிப்போடு கொடுத்தார். என் தொக்கை அவர் மறுநாளே திறந்து, டோஸ்ட்டில் சீஸோடு தடவிச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு பாட்டில் கேட்டார்.

அக்டோபர் நடுவில் கிரிண்டில்ஃபோர்டுக்குப் போக வேண்டும். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். இலையுதிர்காலத்தில் ரயில்கள் சற்று நிதானமாகவே போகும். தண்டவாளத்தில் விழுந்த இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி வழுவழுப்பான கறுப்புப் படலமாக்கிவிடுகின்றன, பிரேக் பிடிக்காது. அதைக் கழுவுவதற்கென்றே அதிவேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் தனி ரயில்கள் ஓடுகின்றன. 1893-ல் திறந்த டாட்லி சுரங்கத்தின் ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேலான இருட்டைக் கடந்து வெளியே வந்ததும் கிரிண்டில்ஃபோர்டு நிலையம். நகரம் மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பாட்லி பள்ளத்தாக்கு தொடங்குகிறது.

ஓக்கும் பெர்ச்சும் நிறைந்த பழங்காடு. பாறைகளெல்லாம் பாசி போர்த்தியவை. பர்பேஜ் ஓடை அவற்றுக்கிடையே இறங்குகிறது. கரிநிலத்து ஊற்றுநீர் என்பதால் கட்டஞ்சாயா நிறத்தில் ஓடுகிறது. பெர்ச்சின் இலை சிறியது. காற்று வரும்போது மஞ்சள் துகள்களாக அரை நிமிடம் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஓக் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. வெண்கல நிறத்தில் நவம்பர்வரை பிடித்து வைத்திருக்கும். ஆங்காங்கே மண்ணில் பாதி புதைந்த வட்டக் கற்கள் கிடக்கின்றன. அரைகற்கள். இங்கேயே கொத்தி எடுத்து, விற்பனை நின்றதும் அப்படியே போட்டுவிட்டுப் போனவை. அந்த வட்டக் கல்தான் இன்று தேசியப் பூங்காவின் சின்னம். ஆட்டுக்கல்லும் அம்மியும் கொத்துகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தைப் பார்த்தவள் என்பதால், உளி விழுந்த அந்தத் தடங்களில் கைவைத்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஏறினால் லாங்ஷா. ரட்லண்ட் பிரபுவின் வேட்டை மாளிகை இருந்த எஸ்டேட். ஒரு காலத்தில் இந்த மேட்டுவெளிகளில் கவுதாரி போன்ற கிரவுஸ் பறவைகளைச் சுடும் கனவான்களுக்கு மட்டுமே இடம். எஃகுப் பட்டறைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்தால் காவலாளிகள் தடியோடு விரட்டுவார்கள். 1920-களில் எஸ்டேட் விற்பனைக்கு வந்தபோது, ஈத்தெல் ஹேதோர்ன்த்வெய்ட் என்ற ஷெஃபீல்ட் பெண்மணி முன்னின்று பொதுமக்களிடம் பணம் திரட்டி இதை வாங்கச் செய்தார். 1931-ல் நேஷனல் ட்ரஸ்ட் வசம் வந்தது. மறு ஆண்டு, 1932 ஏப்ரல் 24 அன்று, மேற்கே கிண்டர் ஸ்கௌட்டில் இளைஞர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை. 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. எங்கிருந்தோ வந்த நான், அனுமதிச்சீட்டு வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அதே மேட்டில் சப்பாத்தியும் பிராம்லித் தொக்கும் பிரித்து மகளோடு சாப்பிட முடிகிறது என்றால் அதற்காக அடிபட்டவர்களும் சிறைசென்றவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெற்கே பிக் மூர் பக்கமிருந்து ஒரு கரகரத்த முழக்கம் கேட்டது. செம்மான் கலைகள். செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர்வரை அவை பெண்மானுக்காகக் கத்தி, கொம்பு கோத்துப் போரிடும். காய்ந்து பழுப்பேறிய புல்வெளியில் பழுப்பு உடல். தலையைத் தூக்கிக் கத்தும்போது மூச்சு வெண்புகையாக எழுந்தால்தான் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் இலையுதிர்காலம் வேறுமாதிரி வருகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் தண்ணீர் வழியும். துணி வீட்டுக்குள் காய்கிறது, இட்லி வேகிறது, நான்கு பேர் மூச்சு விடுகிறோம். அந்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிகிறது. அலமாரிக்குப் பின்னால், அறை மூலையில், கறுப்பாகப் பூஞ்சை. எங்கள் முந்தைய வாடகை வீட்டில் இதைச் சொன்னபோது, சமைக்கும்போது மூடிவைக்கவும், குளிக்கும் நேரத்தைக் குறைக்கவும் என்று ஒரு தாளை அனுப்பிவைத்தார்கள். சுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை ராச்டேல் ஊரில் 2020 டிசம்பரில் இறந்தான். சூடானிலிருந்து வந்த பெற்றோர். வீடு முழுக்கப் பூஞ்சை. திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். அவர்கள் குளிக்கிற விதமும் சமைக்கிற விதமும்தான் காரணமாக இருக்கும் என்று வீட்டை நிர்வகித்தவர்கள் கருதிக்கொண்டார்கள். நீண்டகாலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இன்று அந்தக் குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் இருக்கிறது. சமூக வீடுகளில் ஈரம், பூஞ்சை பற்றிய புகாரைக் குறித்த காலக்கெடுவுக்குள் விசாரித்துச் சரிசெய்தாக வேண்டும் என்று 2025 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. தனியார் வாடகை வீடுகளுக்கும் நீட்டிக்க வழி செய்திருக்கிறார்கள். இங்கே புதிதாக வருகிற நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சுவர் கறுத்தால் படம் எடுங்கள், தேதியோடு எழுதிக் கொடுங்கள், உங்கள் சமையலின்மேல் பழியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். வைட்டமின் டி மாத்திரையும். அக்டோபர் முதல் மார்ச்வரை இந்த நாட்டு வெயில் தோலில் வைட்டமினை உண்டாக்கப் போதாது. எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது, நம்மைப் போன்ற கறுத்த தோலுடையவர்கள் ஆண்டு முழுவதுமே எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்புகிறது. வில்லியம் வில்லெட் என்ற லண்டன் கட்டட ஒப்பந்தக்காரர் 1907-ல் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தோடு தொடங்கிய ஏற்பாடு. கோடை விடியலில் ஊரே தூங்கி வெளிச்சத்தை வீணாக்குகிறதே என்பது அவர் ஆதங்கம். சட்டம் 1916-ல், போருக்கு நடுவே வந்தது; அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். இந்த மாற்றத்தால் அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மறைந்திருக்க வேண்டிய சூரியன் நாலே முக்காலுக்குள் மறைகிறது. நமக்கு இன்னொரு விளைவும் உண்டு. இந்தியாவோடு நாலரை மணி நேரமாக இருந்த இடைவெளி ஐந்தரையாகிவிடுகிறது. கும்பகோணத்தில் அம்மா பத்து மணிக்குப் படுத்துவிடுவார். கோடையில் நான் ஐந்து மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் கூப்பிட்டால் அங்கே ஒன்பதரை; நிதானமாகப் பேசலாம். நவம்பரில் அதே பஸ்ஸில் அதே நேரத்துக்குக் கூப்பிட்டால் பத்தரை. “இன்னிக்கு லேட்டாயிடுத்தா?” என்பார், தூக்கக் குரலில். மார்ச்வரை எங்கள் பேச்சு மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாறிவிடும். பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரம், இருக்கிற கொஞ்ச வெயிலில் நின்றபடி பேசுவேன். வெயிலும் அம்மாவும் ஒரே அரை மணியில் கிடைத்துவிடுகிறார்கள்.

தீபாவளி இந்த இருட்டுக்குள் வருகிறது. பட்டாசு விதிகளில் அதன் பெயர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சாதாரணக் கடைகளில் அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரையும், புத்தாண்டை ஒட்டியும், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய மூன்று நாட்களிலும்தான் பட்டாசு விற்கலாம். இரவு பதினொன்றுக்கு மேல் காலை ஏழு மணிவரை வெடிக்கக் கூடாது. தீபாவளி இரவுக்கு ஒரு மணிவரை சலுகை உண்டு. வடக்கத்தியருக்கு இது பொருந்தும். நம் தீபாவளி விடிவதற்கு முன்னால் அல்லவா? எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி, இலேகியம் சாப்பிட்டு, ஐந்து மணிக்கே தயாராகிவிடுகிறோம். சரவெடிக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பின்கட்டில் அகல் மட்டும் ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். விடிய இன்னும் நேரமிருக்கும் அந்தப் பொழுதில் அகலுக்கு ஒரு அவசியமே வந்துவிடுகிறது. ஊரில் அதை நான் உணர்ந்ததில்லை.

வெடிப்பதெல்லாம் நவம்பர் 5 அன்று. 1605-ல் அதே நாளில் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸும் யார்க்கில் பிறந்தவர்தான். மைதானத்தில் சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டுகிறார்கள். ஓட்ஸ் மாவும் ட்ரீக்கிளும் இஞ்சியும் சேர்த்துச் செய்த பார்க்கின் என்ற கேக்கை யார்க்‌ஷயரில் அன்று சாப்பிட வேண்டும். செய்து சில நாள் வைத்திருந்தால்தான் பதம் வரும். ட்ரீக்கிள் நம் வெல்லப்பாகின் கரிய, கசப்பு ஏறிய உறவு. இஞ்சியோடு சேரும்போது தீபாவளி இலேகியத்தின் வாசனைக்கு மிகக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. மகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்துச் சாப்பிடவைத்தேன்.

நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறு போர் நினைவுநாள். அதற்கடுத்து, ஷெஃபீல்டின் வடமேற்கு மலைக் கிராமங்களில் கிறிஸ்மஸ் கேரல்கள் தொடங்கிவிடுகின்றன. டங்வொர்த், வொரல், ஸ்டானிங்டன் பக்கம். டிசம்பர் 26 வரை வார இறுதிகளில் மதுவிடுதிகளில் கூடிப் பாடுவார்கள். ஒரு காலத்தில் சர்ச்சில் ஊர்க்காரர்களே வாத்தியம் வைத்துப் பாடிய பாடல்கள் இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்ச்சைச் சீர்திருத்தியவர்கள் இவற்றை நாகரிகமில்லை என்று ஒதுக்க, பாடகர்கள் பாட்டை எடுத்துக்கொண்டு மதுவிடுதிக்கு வந்துவிட்டார்கள். மேய்ப்பர்கள் இரவில் மந்தை காத்ததைச் சொல்லும் ஒரே பாடலை இங்கே பல வேறு மெட்டுகளில் பாடுகிறார்கள். ஒரே கிருதியை ஒவ்வொரு ஊரும் தன் ராகத்தில் வைத்துக்கொண்டதுபோல.

நாங்கள் போன ஞாயிறு, வெளியே மழை. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. ஈரக் கோட்டுகளின் ஆவி. மேடை, நடத்துநர் யாரும் கிடையாது. மூலையில் ஒருவர் ஆர்கனில் இரண்டு சுரம் கொடுக்கிறார், கூடம் முழுக்க நான்கு குரல்களாகப் பிரிந்து எழுகிறது. விவசாயிகள், பாட்டிமார், பல்கலைக்கழக மாணவர்கள். கையில் புத்தகம் வைத்திருந்தவர்கள் குறைவு. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கீழ்க்குரலில் பாடினார்; மேசையில் வைத்திருந்த என் கை அந்த அதிர்வை உணர்ந்தது. இடைவேளையில் அவர் என் மகளிடம் உங்கள் ஊரில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டார். டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கும், விடியுமுன் எழுந்து கோயிலில் பாடுவோம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாட்டு, முப்பது நாளைக்கு முப்பது என்று அவள் பாட்டியிடம் கேட்டிருந்ததை அப்படியே சொன்னாள். இருட்டிலேயா என்றார். இருட்டிலேதான் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, தன் பாட்டுப்புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, அடுத்த பாட்டின் வரியில் விரல் வைத்துக் காட்டினார். கிளம்பும்போது என்னிடம், பன்னிரண்டு மணிக்குப் பாட்டு ஆரம்பமாகிவிடும், அடுத்த வாரம் பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள், அப்போதுதான் குழந்தைக்கு உட்கார இடம் கிடைக்கும் என்றார்.